பழைய லாரி எஞ்சின் வாங்கியாகிவிட்டது: அப்படியே ஏற்றுவதா, திறந்து பார்ப்பதா, முழு வேலை செய்வதா?

கனெக்டிங் ராட் பிளாக்கைத் துளைத்து வெளியே வந்துவிட்டது, அல்லது கிராங்க் ஒடிந்துவிட்டது. புது எஞ்சினுக்கு விலை கேட்டால், வண்டியை இன்று விற்றால் வரும் தொகையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அதனால் விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்தோ, உடைக்கப் போன வண்டியிலிருந்தோ கழற்றிய எஞ்சின் ஒன்றைப் பேசி முடித்துப் பட்டறையில் இறக்கியிருக்கிறீர்கள். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்தானே, அப்படியே ஏற்றிவிடலாமா? இல்லை, பிரித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டுமா?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் இந்தக் கேள்வியைப் பத்துப் பேரிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். ஓடுகிற எஞ்சினில் கை வைக்காதே என்பார் ஒரு மேஸ்திரி. முன்பின் தெரியாத எஞ்சினைப் பிரிக்காமல் ஏற்றுகிறவன் இரண்டு தடவை கூலி கொடுப்பான் என்பார் இன்னொருவர். இருவரும் அனுபவசாலிகள். ஆனால் இருவரும் உங்கள் எஞ்சினைப் பார்க்காமல் பேசுகிறார்கள். என் நிலைப்பாடு இதுதான்: எந்த வேலை செய்வது என்பதை மெக்கானிக்கின் வழக்கமோ உங்கள் கையில் இருக்கும் பணமோ தீர்மானிக்கக் கூடாது. ஆயில் சட்டியைக் கழற்றி, அளவெடுத்து, அந்த எஞ்சின் என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகு தீர்மானிக்க வேண்டும்.

பொதுவாகப் பேசினால் பயன் குறைவு என்பதால், டாடா லாரிகளில் பரவலாக ஓடும் டாடா கம்மின்ஸ் 6பிடி 5.9 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். 6 சிலிண்டர், 12 வால்வு, 102 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 120 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்). கம்மின்ஸ் பி வரிசை எனப்படும் இந்தக் குடும்பம் 1980களில் பிறந்தது. அமெரிக்காவில் டாட்ஜ் பிக்-அப் வண்டிகளிலும் இதுதான் ஓடியது. இங்கே சொல்வது மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய எஞ்சின்களுக்கு மட்டுமே பொருந்தும். கணினிக் கட்டுப்பாடு, யூரியா, புகை வடிகட்டி என்று வந்துவிட்ட பிஎஸ்-6 வண்டிகளின் கணக்கே வேறு. அதை இதனுடன் சேர்த்துக் குழப்பக் கூடாது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலாவது, எஞ்சினின் வரலாற்றுக்கு ஆதாரம் உண்டா என்பது. "நல்லா ஓடின வண்டி சார்" என்பது ஆதாரம் ஆகாது. வண்டியில் இருக்கும்போதே ஓட்டிப் பார்த்தீர்களா, பின்பக்கம் மோதிய வண்டியா, எதற்காக உடைக்கப் போனது, சர்வீஸ் பில் இருக்கிறதா என்பவைதான் ஆதாரம்.

இரண்டாவது, தேய்மான அளவு. இதுதான் மற்ற எல்லாவற்றையும் விட கனமானது. 6பிடி-யில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இந்த எஞ்சினில் லைனர் (பிளாக்கில் தனியாகச் செருகும் சிலிண்டர் குழாய்) கிடையாது. பிஸ்டன் நேராக பிளாக்கிலேயே ஓடுகிறது. லைனர் உள்ள எஞ்சின் என்றால் லைனர், பிஸ்டன், ரிங் சேர்ந்த செட்டை வாங்கிப் போட்டதும் புது போர் கிடைத்துவிடும். இங்கே போர் தேய்ந்துவிட்டால் பிளாக்கையே லேத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒரு வித்தியாசம் செலவுக் கணக்கையே மாற்றிவிடுகிறது.

மூன்றாவது, வண்டிக்கு இன்னும் எத்தனை வருட வேலை இருக்கிறது என்பது. பாடி துருப்பிடித்து, அடுத்த எஃப்சி-யே (தகுதிச் சான்று) சந்தேகம் என்ற நிலையில் இருக்கும் வண்டிக்கு முழு வேலை செய்த எஞ்சினைப் போடுவது வீண். உள்ளூரில் எம்-சாண்ட் அடிக்கும் டிப்பருக்கும், குவாஹாட்டி வரை முட்டை ஏற்றிப் போகும் நேஷனல் பெர்மிட் வண்டிக்கும் தேவை ஒன்றல்ல. உள்ளூரில் நின்றால் கயிறு கட்டி இழுத்து வந்துவிடலாம். ஒடிசாவில் நின்றால் எஞ்சின் செலவைவிட அங்கே மாட்டிக்கொண்ட செலவு பெரிதாகிவிடும்.

நான்காவது, வண்டி நிற்கும் நாட்கள். தவணை நிற்காது, காலாண்டு வரி நிற்காது, நல்ல டிரைவர் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை: நம்பகமான லேத் பட்டறை எட்டும் தூரத்தில் இருக்கிறதா. போர் கேஜ், மைக்ரோமீட்டர், கிராங்க் கிரைண்டிங் இயந்திரம், ஹெட் பிரஷர் டெஸ்ட் வசதி, இவற்றைப் பொறுமையாகப் பயன்படுத்தும் ஆள். இவை இல்லாத இடத்தில் செய்யும் முழு வேலை, செய்யாததை விட மோசமாகப் போகக்கூடும்.

## எந்த வழியானாலும் தவிர்க்கக் கூடாத சோதனை

எஞ்சினைச் சுழற்றுவதற்கு முன் பெயர்ப்பலகையைப் பாருங்கள். கம்மின்ஸ் எஞ்சினில் சிபிஎல் என்றொரு எண் இருக்கும். பிஸ்டன், டர்போ, பம்ப் எல்லாம் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்பதை அது காட்டும். வெளியிலிருந்து பார்க்க எல்லா 5.9-ம் ஒன்றுபோல் இருந்தாலும் இன்டர்கூலர் உள்ளதும் இல்லாததும் வேறு வேறு. ஜெனரேட்டரிலிருந்து கழற்றியதும் சந்தைக்கு வருகிறது. அதன் பம்ப் கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) ஒரே வேகத்தில் ஓடுவதற்கென்று அமைந்தது, லாரிக்கு ஒத்துவராது. ஆயில் சட்டியும் பிளைவீல் ஹவுசிங்கும் கூட மாறியிருக்கலாம். பலகையே இல்லாத எஞ்சினை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். புதிதாகப் பெயின்ட் அடித்து வந்ததையும் கூடுதல் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். கசிவைக் கழுவி மறைக்கும் முதல் உத்தி அதுதான்.

அடுத்து ஆயில். வடிகால் போல்ட்டைத் திறந்ததும் முதலில் தண்ணீர் வருகிறதா என்று கவனியுங்கள். சும்மா கிடந்த எஞ்சினில் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். பால் போன்ற ஆயில் என்றால் ஹெட் கேஸ்கெட், ஆயில் கூலர், வெடித்த ஹெட் ஆகிய மூன்றில் ஒன்று. ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அறுத்து, உள்ளே இருக்கும் காகித மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். பித்தளை நிறத் துகள் மின்னினால் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடியிலுள்ள செம்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. விற்றவர் ஃபில்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் கொடுத்திருந்தால், அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பழைய உதிரிபாகச் சந்தையில், சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில், எஞ்சின்கள் மழையிலும் கிடக்கும். இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்கள் திறந்திருந்தால், வால்வு திறந்த நிலையில் நின்ற சிலிண்டருக்குள் மழைநீர் இறங்கியிருக்கும். அங்கே ரிங்கும் போரும் ஒன்றாகத் துருப்பிடித்திருக்கும். அந்த நிலையில் கம்பி போட்டுச் சுழற்றினால் நல்ல போரும் கீறல் போராகிவிடும். எனவே 6 நாசில்களையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்ட பிறகே பிளைவீலைக் கையால் சுற்ற வேண்டும். போனில் செருகும் சிறு கேமரா இப்போது மலிவாகக் கிடைக்கிறது. ஆயில் ஊற்றுவதற்கு முன்பே நாசில் துளை வழியே அதை இறக்கிப் போர் சுவரைப் பார்த்துவிடுங்கள். குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தால் நல்ல செய்தி. கண்ணாடிபோல் பளபளத்தாலும், செங்குத்துக் கீறல் இருந்தாலும், ஒரு பக்கம் பழுப்பாக வளையம் விழுந்திருந்தாலும் ஹெட்டைக் கழற்றாமல் வேறு வழியில்லை.

சுற்றிப் பார்த்தபின், தரையிலேயே ஓட்டிப் பாருங்கள். உறுதியான ஸ்டாண்ட், டீசல் கேன், ரேடியேட்டர் அல்லது தண்ணீர் டிரம், பேட்டரி போதும். மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். சூடான பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர்: இந்த எஞ்சினுக்குக் குறைந்தபட்ச வரம்பு 10 பிஎஸ்ஐ, முழு வேகத்தில் 30. வரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். அடுத்து பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் அழுத்தம்: ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயில் வையுங்கள், லேசாக ஆடினால் சரி, தூக்கி எறிந்தால் ரிங்கோ போரோ போய்விட்டது. மூன்றாவது புகை: சூடான பின்னும் நீலப் புகை நிற்கவில்லை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் நாசில், டைமிங், கம்ப்ரஷன் என்று வரிசையாகத் தேட வேண்டும்.

இதுவரை பலரும் செய்கிறார்கள். இதற்கு அடுத்த படியில்தான் கை தயங்குகிறது: ஆயில் சட்டியைக் கழற்றுவது. எஞ்சின் தரையில் இருக்கும்போது அது ஒரு கேஸ்கெட்டும் அரை நாள் வேலையும்தான். சேசிஸில் ஏறிவிட்டால் பெரும்பாடு. சட்டியைக் கழற்றி, ஒரு மெயின் கேப் (கிராங்க்கை பிளாக்கில் பிடித்திருக்கும் மூடி), இரண்டு பிக் எண்ட் கேப் (ராடைக் கிராங்க்கில் பிடித்திருக்கும் மூடி) திறந்து பேரிங்கைப் பாருங்கள். பேரிங்கின் பின்பக்கம் அளவு அச்சிட்டிருக்கும். ஸ்டாண்டர்டு என்றால் கிராங்க் இதுவரை கிரைண்டிங் பார்க்கவில்லை. 0.25 அல்லது 0.50 என்றிருந்தால் யாரோ ஏற்கெனவே வேலை செய்திருக்கிறார்கள். அவர் எப்படிச் செய்தார் என்பது இனி உங்கள் பிரச்சினை. கிராங்க்கை முன்னும் பின்னும் தள்ளி டயல் கேஜில் எண்ட் பிளே (முன்பின் ஆட்டம்) பாருங்கள். 0.43 மி.மீ.க்கு மேல் போனால் திரஸ்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் மீது காலை வைத்தே ஓட்டிய டிரைவரின் கையெழுத்து அது.

இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு எஞ்சின் விலையில் மிகச் சிறு பங்குதான். இதன் முடிவு தெரியாமல் கீழே வரும் நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் அது குருட்டுத் தேர்வு.

## வழி 1: அப்படியே ஏற்றுவது

ஓடிய நிலையில் நீங்களே பார்த்துக் கழற்றிய எஞ்சின், ஃபில்டர் சுத்தம், பேரிங் சாம்பல் நிறம் மாறாமல் இருக்கிறது, பேக் கம்ப்ரஷன் இல்லை, ஆயில் பிரஷர் தாராளம் என்றால் இதில் தவறே இல்லை. தொழிற்சாலையில் பொருந்திய ரிங்கும் போரும் ஒன்றோடொன்று பழகியிருக்கும். அதைத் தேவையின்றிப் பிரிப்பது அந்தப் பொருத்தத்தைக் கலைப்பதுதான். ஓடுகிற எஞ்சினில் கை வைக்காதே என்ற மேஸ்திரி இந்த இடத்தில் சொன்னது முற்றிலும் சரி.

இதில் மறைந்திருக்கும் செலவு, எஞ்சினைத் திரும்ப இறக்க நேர்ந்தால் வருவது. பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஆயில் கிளட்ச் தட்டில் பட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். சீல் விலை அற்பம், கூலியும் நின்ற நாட்களும்தான் பெரிது. ஆகவே "அப்படியே" என்றாலும் சீல்களை மாற்றாமல் ஏற்றாதீர்கள்.

## வழி 2: சீல், கேஸ்கெட், பேரிங் மாற்றிப் புதுப்பித்து ஏற்றுவது

பழைய எஞ்சின் வாங்கும் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போர் நன்றாக இருக்கிறது, ஆனால் வரலாறு முழுதாகத் தெரியவில்லை என்ற இடைநிலையில்தான் அதிகமான எஞ்சின்கள் இருக்கின்றன. ஹெட்டைத் தொடாமல், கீழ்ப்பக்கமும் வெளிப்பக்கமும் மட்டும் வேலை.

பிக் எண்ட், மெயின் பேரிங்குகள் அனைத்தும் அதே அளவில் புதிது. ஆனால் கிராங்க்கை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே புது பேரிங் போட வேண்டும். மெயின் ஜர்னல் (கிராங்க்கில் பேரிங் பிடிக்கும் பகுதி) 82.962 மி.மீ.க்கும், பிக் எண்ட் ஜர்னல் 68.962-க்கும் கீழே போயிருந்தால் கிரைண்டிங் இல்லாமல் ஸ்டாண்டர்டு பேரிங் போடுவதில் அர்த்தமில்லை. கேப்கள் அந்தந்த ராடுக்கே, அதே திசையில் திரும்பப் போக வேண்டும். கழற்றும்போதே எண் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் குறியிடுங்கள். முறுக்கும்போது டார்க் ரெஞ்ச் கட்டாயம்: ராட் போல்ட் படிப்படியாக 100 நியூட்டன் மீட்டர், மெயின் 176. "கை அளவு தெரியும்" என்று ஆறடிக் குழாய் போட்டு இறுக்கும் பட்டறையிலிருந்து எஞ்சினைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பின்பக்க கிராங்க் சீலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த எஞ்சினில் அதன் உதடு டெஃப்லான். ஆயில் தடவாமல், கிராங்க் முகத்தைச் சுத்தமாகத் துடைத்து, உலர்ந்த நிலையில் போட வேண்டும். பழைய ரப்பர் சீல் பழக்கத்தில் ஆயில் தடவிப் போட்டுவிட்டு, கசிகிறது என்று சீலின் மீது பழி போடுகிறார்கள். கிராங்க்கில் சீல் ஓடிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் தேய்மான வளையம் சேர்ந்த சீல் கிடைக்கும், அதைக் கேளுங்கள்.

முன்பக்க டைமிங் கவரைத் திறந்ததும் பார்க்க வேண்டிய ஒரு சிறு பொருள் இருக்கிறது. கியர் ஹவுசிங்கை பிளாக்கோடு நிலைப்படுத்தும் ஸ்டீல் பின் ஒன்று, பழைய பி வரிசை எஞ்சின்களில் அதிர்வால் மெல்ல வெளியே வரக்கூடியது. கியர்களுக்கு இடையே விழுந்தால் கியர் கேஸே உடைந்துவிடும். டாட்ஜ் வண்டிக்காரர்களிடம் இது பெரிய பேச்சாகவே இருந்தது. சரியாக உள்ளே தட்டி, வெளியே வராமல் வாயில் ஒரு சிறு தகடு வைத்து மூடினால் தீர்ந்தது. கவர் திறந்திருக்கும்போது செய்தால் சில நிமிட வேலை.

டேப்பட் (கேம்ஷாஃப்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் துண்டு) பக்கவாட்டு மூடியின் கேஸ்கெட், தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப், பிளாக்கின் தண்ணீர் பிளக்குகள் ஆகியவற்றையும் இதோடு மாற்றிவிடுங்கள். நம் ஊரில் கூலன்ட் என்ற பெயரில் போர்வெல் தண்ணீரை ஊற்றியே ஓட்டிய வண்டிகள் ஏராளம். உப்பு உள்ளிருந்தே பிளக்கை அரித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் உள்ளே போய்விடும் பிளக்குகளை எவ்வளவோ பார்க்கலாம். பிளைவீல் ஹவுசிங்குக்குப் பின்னால் மறைந்திருப்பவற்றை இப்போது மாற்றாவிட்டால் அப்புறம் எட்டவே முடியாது.

வால்வு இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் வையுங்கள்: இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51.

## வழி 3: ஹெட்டைக் கழற்றி, ரிங் மாற்றும் ஹாஃப் எஞ்சின் வேலை

அதிகமாகச் செய்யப்படுவதும் அதிகமாக ஏமாற்றுவதும் இதுதான். பேக் கம்ப்ரஷன் இருக்கிறது, முழு வேலைக்குப் பணம் இல்லை, ரிங் மட்டும் போட்டால் சரியாகிவிடும் என்று தொடங்குகிறார்கள். லைனர் உள்ள எஞ்சினில் ஹாஃப் எஞ்சின் நியாயமான வேலை, ஏனென்றால் அங்கே லைனரும் சேர்ந்து புதிதாகிறது. 6பிடி-யில் அப்படி இல்லை. தேய்ந்து நீள்வட்டமாகிவிட்ட போரில் வட்டமான புது ரிங்கைப் போட்டால் அது எல்லாப் பக்கமும் உட்காராது. சில மாதங்களில் பழைய புகையே திரும்பி வரும்.

இந்த வேலை எப்போது சரி என்பதற்குப் பட்டறை விதி இருக்கிறது. போர் கேஜில் மேல், நடு, அடி என்று மூன்று ஆழங்களில், நீளவாக்கிலும் குறுக்காகவும் அளக்க வேண்டும். விட்டம் 102.116 மி.மீ.க்குள், நீள்வட்டம் 0.038-க்குள், மேலிருந்து கீழ் வித்தியாசம் 0.076-க்குள் 6 சிலிண்டர்களிலும் இருந்தால், ஹோன் செய்து (கல்லால் போர் சுவரைத் தேய்த்துக் குறுக்குக் கோடு போட்டு) ரிங் மாற்றலாம், நன்றாகவே ஓடும். ஒரே ஒரு சிலிண்டர் தாண்டினாலும் இந்த வழியை விட்டுவிடுங்கள். அளவெடுக்காமல் "ரிங் போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லும் இடத்தில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஹோன் செய்தபின் கழுவுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். டீசலில் கழுவினால் கல்லின் தூள் போர் சுவரின் நுண்ணிய கோடுகளிலேயே தங்கிவிடும். சோப்பும் சுடுதண்ணீரும் பிரஷும் கொண்டு தேய்த்து, பிறகு வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைக்க வேண்டும். துணி வெள்ளையாகவே வரும்வரை திரும்பத் திரும்ப. அந்தத் தூள்தான் புது ரிங்கைத் தின்கிறது.

ஹெட் கழற்றியிருப்பதால் அதைப் பிரஷர் டெஸ்டுக்கு அனுப்பாமல் திரும்பப் பூட்டாதீர்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவே மயிரிழை வெடிப்பு அதிக சூடு கண்ட எஞ்சின்களில் இருக்கும். டேப்பட்டுகளின் அடிமுகத்தையும் பாருங்கள். இந்த எஞ்சினில் அவை காளான் வடிவம், கேம்ஷாஃப்டை எடுத்துவிட்டுக் கீழிருந்துதான் வெளியே வரும். குழி விழுந்திருந்தால் மாற்ற இதுவே நேரம்.

## வழி 4: ஃபுல் எஞ்சின் வேலை

போர் அளவு தாண்டியிருந்தால், அல்லது கிராங்க் கீறியிருந்தால், இது தேர்வே அல்ல, கட்டாயம். பிளாக்கை 0.50 அல்லது 1.00 மி.மீ. ஓவர்சைஸ் போர் செய்து அதற்கேற்ற பிஸ்டன் போடலாம், ஏற்கெனவே 1.00 போயிருந்தால் ரிப்பேர் லைனர் இறக்கி ஸ்டாண்டர்டுக்குத் திரும்பலாம். கிராங்க் கிரைண்டிங், வெடிப்புச் சோதனை, ராட் சோதனை, கேம், ஆயில் பம்ப், ஹெட் முழு வேலை எல்லாம் சேரும்.

கணக்குப் போடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். முழு வேலைதான் என்று ஆகிவிட்டால், நீங்கள் வாங்கிய எஞ்சினில் உங்களுக்கு உண்மையில் கிடைத்தது பிளாக், கிராங்க், ஹெட் என்ற மூன்று வார்ப்புகள் மட்டும். அப்படியானால் ஓடும் எஞ்சினுக்குரிய விலையைக் கொடுத்தது அதிகம். வாங்கும்போதே "திறந்து பார்த்து போர் போயிருந்தால் மாற்றித் தர வேண்டும்" என்று எழுதி வாங்கிக்கொள்வது இதற்காகத்தான். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் விலையைக் குறைத்துப் பேசுங்கள். மேலும், டாடா மோட்டார்ஸின் புரோலைஃப் போன்ற, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுப்பித்த எஞ்சினை வாங்கும் நிறுவன ஏற்பாடுகளும் இருக்கின்றன. வாரண்டியோடு வரும் அதன் விலையையும், எஞ்சின் விலை + முழு வேலை + நின்ற நாட்கள் என்ற கூட்டுத்தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லேத் தூரமாக இருக்கும் ஊர்க்காரர்களுக்கு நிறுவன எஞ்சின் பல சமயம் லாபம். ஆனால் உங்கள் பழைய பிளாக் உடைந்திருந்தால் மாற்றுக்கு ஏற்பார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | அப்படியே | சீல், பேரிங் | ஹாஃப் எஞ்சின் | ஃபுல் எஞ்சின் |
|---|---|---|---|---|
| வேலைச் செலவு | மிகக் குறைவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| வண்டி நிற்கும் காலம் | மிகக் குறைவு | சில நாட்கள் | ஒரு வாரம் போல | லேத்தைப் பொறுத்து வாரங்கள் |
| வரலாறு தெரிய வேண்டுமா | கட்டாயம் | ஓரளவு | தேவையில்லை, அளவு போதும் | தேவையில்லை |
| போர் நிலை | கோடுகள் தெரிய வேண்டும் | நல்ல கம்ப்ரஷன் | வரம்புக்குள் | எப்படியும் இருக்கலாம் |
| லேத் தேவை | இல்லை | அளவெடுக்க மட்டும் | ஹெட், ஹோன் | முழுமையாக |
| பெரிய ஆபத்து | மறைந்த பழுது | அளக்காத கிராங்க்கில் புது பேரிங் | நீள்வட்ட போரில் புது ரிங் | மோசமான லேத் வேலை |
| யாருக்கு | ஓட்டிப் பார்த்து வாங்கியவர் | பெரும்பாலானவர் | அளவு ஒத்துவந்தவர் | நீண்ட காலம் வண்டி வைத்திருப்பவர் |

## எந்த வழியிலும் விடாமல் தொற்றும் செலவுகள்

உடைந்த பழைய எஞ்சினிலிருந்து நல்ல பாகம் என்று நினைத்து எடுத்துப் புதியதில் மாட்டுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிக எஞ்சின்களைக் கொன்ற பழக்கம். பேரிங் போய் நின்ற எஞ்சினின் ஆயில் கூலருக்குள் இரும்புத் தூள் நிறைந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் அதன் மடிப்புகளிலிருந்து முழுதாக வராது. புது கூலர் வாங்குங்கள். டர்போவின் ஆயில் குழாயையும் மாற்றுங்கள். பிஸ்டன் உடைந்திருந்தாலோ டர்போ சிதறியிருந்தாலோ இன்டர்கூலருக்குள் துண்டுகள் கிடக்கும். அதைக் கழற்றி, கவிழ்த்து, கழுவி, உலர்த்திய பிறகே பூட்ட வேண்டும்.

டீசல் பம்பையும் நாசில்களையும் பம்ப் ரூமில் சோதிக்காமல் ஏற்றாதீர்கள். அதிகமாக டீசல் தள்ளும் ஒரு நாசில் பிஸ்டன் தலையை உருக்கிவிடும். முழு வேலை செய்த எஞ்சின் ஒரே நாசிலால் போனது உண்டு. ரேடியேட்டரைத் திறந்து ராடு போட்டுச் சுத்தம் செய்யுங்கள். கிளட்ச் தட்டு, பைலட் பேரிங், எஞ்சின் மவுன்டிங் ரப்பர் மூன்றையும் பாருங்கள். இவை எல்லாம் எஞ்சின் வெளியே இருக்கும்போது எளிது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃபில்டரில் ஆயிலை நிரப்பி, ஸ்டாப் லீவரை இழுத்து வைத்து, டீசல் போகாமல் ஆயில் பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரில் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். புது ரிங் போட்ட எஞ்சினை மணிக்கணக்காக ஐடிலில் ஓட்டக் கூடாது. ரிங் உட்கார லோடு வேண்டும். மிதமான பாரத்தோடு, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டி, முதல் ஆயிலை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

கடைசியாகக் காகிதம். எஞ்சின் எண் ஆர்சி-யில் இருக்கிறது. பழைய எஞ்சினை வாங்கிய பில், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற விவரம் இரண்டும் இல்லாமல் வாங்கினால், திருட்டு வண்டியின் எஞ்சின் என்று தெரியவரும் நாளில் வண்டியே காவல் நிலையத்தில் நிற்கும். பிளாக்கில் உள்ள எண் ராவப்பட்டோ மீண்டும் அடிக்கப்பட்டோ இருந்தால் எவ்வளவு நல்ல எஞ்சினானாலும் வேண்டாம். ஏற்றுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டு விண்ணப்பியுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். எண் மாறிய ஆர்சி கைக்கு வராமல் வெளிமாநில லோடு பிடிக்க வேண்டாம். விபத்து நேர்ந்தால், இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அந்த எண் வித்தியாசம் ஒரு காரணமாகிவிடும்.